மினி டிராக்டர் வாங்கும் முன்... நிலத்தை அளங்கள், மணிக்கணக்கைப் போடுங்கள்!

'எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. மினி டிராக்டர் வாங்கலாமா? எத்தனை ஹெச்.பி. நல்லது? எந்தக் கம்பெனி?'

வேளாண்மை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்டாலும் சரி, இந்த இதழுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் கேட்டாலும் சரி, கேள்வி பெரும்பாலும் இதே வரிசையில்தான் இருக்கும். கேள்வியில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு இருக்கிறது. கம்பெனியும் ஹெச்.பி.யும் கடைசியாக வரவேண்டியவை. 'வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் என் நிலத்தில் வேலை இருக்கிறது?' என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் ஷோரூம் வாசலை மிதித்தால், விற்பவர் தன் கணக்கைச் சொல்வார். உங்கள் கணக்கைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உழவுமாடு வைத்திருப்பவர்கள் அருகிவிட்டார்கள். வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர், மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறது. நம் முறை வருவதற்குள் ஈரம் போய்விடுகிறது. தென்னைக்கும் வாழைக்கும் நடுவே அந்த வண்டி நுழைவதும் இல்லை. அதனால் சிறு விவசாயிக்குச் சின்ன டிராக்டர் மேல் ஆசை வருவது நியாயம்தான். ஆனால், நாலைந்து லட்சம் ரூபாய் என்பது சிறு குடும்பத்துக்கு ஒரு கல்யாணச் செலவு. கணக்குத் தப்பினால் நகையும் பத்திரமும் வங்கியில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கணக்கு: வருஷத்துக்கு எத்தனை மணி நேரம்?

ஈரோடு, திருப்பூர் பக்கம் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு நாலு ஏக்கர் பண்ணையை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் மஞ்சள், ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டு போகம் காய்கறி. இதில் 20 ஹெச்.பி. மினி டிராக்டருக்கு என்ன வேலை இருக்கும்?

* தென்னை: வட்டப்பாத்தியை விட்டு இடையுழவு, வருஷத்துக்கு 4 முறை. ஏக்கருக்கு ஒன்றரை மணி வீதம் 2 ஏக்கருக்கு 12 மணி நேரம்.
* மஞ்சள்: அஞ்சு கலப்பையில் இரண்டு ஓட்டு, ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு, பார் பிடிப்பது. மொத்தம் 6 மணி நேரம்.
* காய்கறி: இதே வேலைகள் இரண்டு போகத்துக்கு 12 மணி நேரம்.
* டிரெய்லர்: எரு, தேங்காய், மஞ்சள், விறகு ஏற்றி இறக்க 20 மணி நேரம்.
* மருந்து தெளிப்பு: 10 மணி நேரம்.

ஆக மொத்தம் 60 மணி நேரம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலரும் ஆச்சர்யப்படுவார்கள். வருஷம் முழுக்க வேலை இருப்பதுபோல நமக்குத் தோன்றும். மணிக்கணக்கில் எழுதினால் அவ்வளவுதான் வரும்.

இரண்டாவது கணக்கு: வண்டி நின்றாலும் ஓடும் செலவு

டிராக்டரும் ரோட்டவேட்டரும் அஞ்சு கலப்பையும் சேர்த்து 5,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் வைத்திருந்து 1,50,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். இடையில் போன மதிப்பு 4,00,000. ஆக, வருஷத்துக்குத் தேய்மானம் 40,000 ரூபாய்.

வட்டியைப் பாருங்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் சராசரி 3,50,000 ரூபாய். அதற்கு 10 சதவிகிதம் என்றால் வருஷத்துக்கு 35,000. கடன் வாங்காமல் கைக்காசு போட்டாலும் இந்த வட்டி உண்டு. அந்தப் பணம் வேறு இடத்தில் இருந்தால் சம்பாதித்திருக்கும் அல்லவா? காப்பீடு, பேட்டரி, கொட்டகை என்று 10,000 ரூபாய். மொத்தம் 85,000 ரூபாய். வண்டி ஒரு மணி நேரம்கூட ஓடாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது.

ஓடினால் ஆகும் செலவு தனி. சராசரி வேலையில் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் என்றால், லிட்டர் 95 ரூபாய் வீதம் சுமார் 240 ரூபாய். ஆயில், ஃபில்டர், பழுது 60 ரூபாய். ஓட்டும் ஆளுக்கு 100 ரூபாய். நீங்களே ஓட்டினாலும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடுங்கள். ஆக மணிக்கு 400 ரூபாய்.

உங்கள் ஊரில் மினி டிராக்டர் வாடகை மணிக்கு 800 ரூபாய் என்றால், சொந்த வண்டியால் மணிக்கு மிச்சமாவது 400 ரூபாய். 85,000 ரூபாயை ஈடுகட்ட, வருஷத்துக்கு ஏறக்குறைய 213 மணி நேரம் வண்டி ஓடவேண்டும். நம்மிடம் இருப்பதோ 60 மணி நேர வேலை. மீதி 153 மணி நேரத்துக்கு வெளிவேலை பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

மானியம் கிடைத்தால் நிலைமை மாறும். 2,00,000 ரூபாய் மானியம் கிடைத்து, கையிலிருந்து 3,50,000 ரூபாய் போடுகிறீர்கள் என்று வையுங்கள். தேய்மானம் 20,000, வட்டி 25,000, இதரச் செலவு 10,000 என்று வருஷத்துக்கு 55,000 ரூபாயாகக் குறையும். அப்போதும் 138 மணி நேரம் தேவை.

இங்கே நான் போட்டிருக்கும் விலையும் வாடகையும் உதாரணம்தான். உங்கள் ஊர் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். கணக்குப் போடும்போது வீட்டுப் பெண்களையும் உட்கார வையுங்கள். நகை அடகு போவதும், ஆள் கூலி கொடுப்பதும், பால் பணம் வருவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆள் கூலி மிச்சமாவதைக் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஒரு ஏக்கர் வாழையில் ஒரு களைக்கு 8 ஆள், ஆளுக்கு 400 ரூபாய் என்றால் 3,200 ரூபாய். மினி டிராக்டர் இரண்டு மணி நேரம் ஓடி 800 ரூபாய், மரத்தைச் சுற்றிக் கொத்த இரண்டு ஆளுக்கு 800 ரூபாய். ஆக 1,600 ரூபாயில் முடியும். மூன்று களைக்கு 4,800 ரூபாய் மிச்சம். ஆனால், இதே வேலையைப் பவர் வீடரும் செய்யும், வாடகை மினி டிராக்டரும் செய்யும். அவற்றால் என்ன மிச்சமாகும் என்று பார்த்து, அதைக் கழித்த பிறகு நிற்பதுதான் சொந்த டிராக்டரின் லாபம்.

இன்னொரு விஷயம். திறந்த வயலில் உழவு ஓட்டுவதில் மினி டிராக்டர் பெரிய டிராக்டரோடு போட்டி போட முடியாது. நாலடி ரோட்டவேட்டரை மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திருப்பும் நேரமும் சேர்த்து ஒரு ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். பெரிய டிராக்டர் அதை ஏறக்குறைய பாதி நேரத்தில் முடித்துவிடும். மினி டிராக்டரின் மதிப்பெல்லாம் பெரிய வண்டி நுழைய முடியாத இடத்தில்தான். தோப்பு, வாழை, அகலப் பார் கரும்பு, பந்தல் காய்கறி, சின்னச் சின்னப் பாத்திகள், குறுகலான வண்டிப்பாதை... இவை உங்களிடம் இருந்தால் மேலே படியுங்கள். நாலு ஏக்கரும் திறந்த வயலாக இருந்தால், வாடகைதான் லாபம்.

டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், அடுத்த வேலை அளப்பது. நாலு அளவுகள் வேண்டும்.

1. வரிசை இடைவெளி: மினி டிராக்டர்களின் அகலம் பொதுவாக மூன்றடி முதல் நாலடி வரை. வண்டியின் வெளி அகலத்தோடு இரண்டு பக்கமும் அரையடி சேர்த்துக்கொள்ளுங்கள். 25 அடி இடைவெளியுள்ள தென்னையில் எந்த மினி டிராக்டரும் தாராளமாகப் போகும். 6 அடி இடைவெளி வாழையில் மூன்றடி அகல வண்டி போகும். ஆனால் இலை விரிந்து பக்கக்கன்று வந்தபிறகு அதுவும் சிரமம். 5 அடி பார் கரும்பில் முதல் சில மாதங்கள்தான் நுழையலாம். மூன்றடி இடைவெளி மரவள்ளியிலும், ஒன்றரை அடி இடைவெளி மஞ்சளிலும் நட்டபிறகு டிராக்டருக்கு வேலையே இல்லை. அங்கே பவர் வீடரும் கையும்தான்.

2. உயரம்: பந்தல் சாகுபடி செய்கிறவர்கள், தொங்கும் காய்க்குக் கீழே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாருங்கள். புகைக்குழாய் மேல்நோக்கி இருக்கும் வண்டி பந்தலுக்கு ஆகாது. பக்கவாட்டில் இருப்பதாகப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் தரைக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் ஓரடியை ஒட்டித்தான் இருக்கும். அதைவிட உயர்ந்த பயிரின் மேல் வண்டியை ஓட்டினால் குருத்து ஒடியும்.

3. திருப்பும் இடம்: வரிசை முடியும் இடத்தில் கருவியோடு திரும்ப சுமார் 10 முதல் 12 அடி வேண்டும். வரப்பு வரைக்கும் மரம் நட்டிருந்தால், ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் எடுத்து முன்னால் எடுத்து நேரமும் டீசலும் வீணாகும்.

4. பாதை: வீட்டிலிருந்து தோட்டம் வரை உள்ள வாய்க்கால் பாலம், கேட், மேடு பள்ளம் எல்லாவற்றையும் பாருங்கள். தோட்டத்துக்குள் போகமுடியாத டிரெய்லரை வாங்கி வாசலில் நிறுத்தியவர்கள் உண்டு.

ஹெச்.பி.யில் எதைப் பார்ப்பது?

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது இன்ஜின் ஹெச்.பி. ரோட்டவேட்டரையும் ஸ்பிரேயரையும் சுற்ற வைப்பது பி.டி.ஓ. ஹெச்.பி. இன்ஜினிலிருந்து கியர் வழியாகப் பின்னால் வருவதற்குள் கொஞ்சம் சக்தி குறைந்துவிடும். ஆகவே விற்பவரிடம் பி.டி.ஓ. ஹெச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கிறது. பி.டி.ஓ. சக்தி, இழுவை, டீசல் செலவு எல்லாம் அதில் இருக்கும். 'அந்த அறிக்கையைக் காட்டுங்கள்' என்று கேட்பது உங்கள் உரிமை.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். 15 முதல் 18 ஹெச்.பி.க்கு மூன்றடியை ஒட்டிய ரோட்டவேட்டர். காய்கறித் தோட்டம், லேசான மண், சின்ன டிரெய்லர் இவற்றுக்குச் சரி. 20 முதல் 24 ஹெச்.பி.க்கு நாலடியை ஒட்டியது. தென்னை, வாழை, ஸ்பிரேயர் என்று கலவையாக வேலை உள்ளவர்களுக்கு ஏற்றது. 27, 28 ஹெச்.பி. வண்டி கனமான மண்ணுக்கும் வெளிவேலைக்கும் உதவும். விலையும் அகலமும் கூடும். ரோட்டவேட்டரின் அகலம் பின் டயர்களின் வெளி அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உழுத மண்ணில் டயர் தடம் அழுந்தியபடி நிற்கும்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய ரோட்டவேட்டரை மாட்டுகிறவர்களும் உண்டு. கரிசல் காய்ந்து கிடக்கும்போது இன்ஜின் திணறும், கறுப்புப் புகை கக்கும், கிளட்ச் சீக்கிரம் போகும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது கருவிக்கும் பொருந்தும்.

ஆழ உழவுக்கு மினி டிராக்டரை நம்பாதீர்கள். ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், அடியில் மண் இறுகித் தகடுபோல ஆகிவிடும். மழைநீர் கீழே இறங்காது, மஞ்சள் கிழங்கு கீழே போகாது. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெரிய டிராக்டரை வாடகைக்கு எடுத்து உளிக்கலப்பை ஓட்டுங்கள். அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா?

சமதளம், செம்மண், வறண்ட வேலை, டிரெய்லர் என்றால் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டியே போதும். விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. ஈர நிலம், சரிவு, வழுக்கும் களிமண் என்றால் நான்கு சக்கர இழுவை தேவை. இதில் ஒரு எச்சரிக்கை: தார் ரோட்டில் போகும்போது நான்கு சக்கர இழுவையை விடுவித்துவிட வேண்டும். மறந்தால் முன் டயர்கள் வேகமாகத் தேயும்.

வண்டியில் இவையும் இருக்கிறதா என்று பாருங்கள்:

* மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாகப் போகும் கியர். ரோட்டவேட்டருக்கு இது அவசியம்.
* ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் இரண்டையும் சேர்த்து இழுக்கும் டிஃபரன்ஷியல் லாக்.
* ஈரத்தில் வேலை செய்வதாக இருந்தால் ஆயிலில் இயங்கும் பிரேக்.
* ரோட்டவேட்டரின் எடையைவிட நன்றாகக் கூடுதலான தூக்கும் திறன். கருவியைத் தூக்கும்போது முன்பக்கம் எழும்பினால் முன்னால் எடை மாட்ட வேண்டும்.
* பக்கத்தில் சர்வீஸ். மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழ வேண்டிய நேரத்தில், 80 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மெக்கானிக் வருவதற்கு மூன்று நாளானால், எவ்வளவு நல்ல வண்டியானாலும் உங்களுக்குப் பயனில்லை. அதே மாடல் வைத்திருக்கும் இரண்டு விவசாயிகளிடம் உதிரி பாகம் எத்தனை நாளில் கிடைக்கிறது என்று விசாரியுங்கள்.

உங்கள் மண்ணில் ஓட்டிப் பாருங்கள்

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. 'எங்கள் தோட்டத்தில் ஒரு ஏக்கர் ஓட்டிக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். தொடங்கும் முன் டேங்க்கில் டீசலை விளிம்பு வரை ஊற்றி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும், அளந்த கேனிலிருந்து மறுபடி விளிம்பு வரை ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் ஊற்றினீர்களோ, அதுதான் அந்த வேலைக்கான டீசல். ஏக்கருக்கு எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று இரண்டு வண்டிகளுக்கு எழுதிப் பார்த்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டில் யார் ஓட்டப்போகிறாரோ அவரே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். காலுக்குக் கிளட்ச் எட்டுகிறதா, ஸ்டியரிங் கனக்கிறதா என்பது ஓட்டினால்தான் தெரியும்.

மானியமும் கடனும்

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிருக்கு 50 சதவிகிதம், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் என்ற விகிதத்தில், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்கு மாநில அரசின் கூடுதல் மானியமும் இருக்கிறது. இதில் 'உச்சவரம்பு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். விலையில் பாதி என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

இந்தத் திட்டத்தை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. உங்கள் வருவாய்க் கோட்டத்தில் உள்ள உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில், இந்த வருஷத்துக்கான தொகை, எந்தெந்த மாடலுக்கு உண்டு, நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு, குறு விவசாயி சான்று இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கையில் வருவதற்கு முன்னால் வண்டியை எடுக்காதீர்கள். 'முதலில் எடுங்கள், மானியம் பின்னால் வந்துவிடும்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

விலைப்பட்டியல் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழைய பட்டியலை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

கடன் வாங்கும்போது வட்டியை மட்டும் பார்க்காமல் தவணை நாளையும் பாருங்கள். மஞ்சளுக்குப் பணம் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். மாதத் தவணையை ஒப்புக்கொண்டால், பத்து மாதம் கைமாற்று வாங்கிக் கட்ட வேண்டிவரும். அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தவணை கொடுங்கள் என்று வங்கியில் கேளுங்கள். எழுதாத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூன்று வீடு சேர்ந்து ஒரு வண்டி

மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். ஒரு வீட்டுக்கு 60 மணி நேரம் என்றால், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்தால் 180 மணி நேரம். மானியத்தோடு வாங்கினால் 138 மணி நேரம் போதும் என்பதால், வெளிவேலைக்கே போகாமல் கட்டுப்படியாகும். மானியம் இல்லாவிட்டால் இன்னும் 33 மணி நேரம் வெளிவேலை பிடித்தால் போதும். சிறு விவசாயிக்கு மினி டிராக்டர் லாபமாவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கூட்டு வண்டியில் சண்டை வருவது பணத்தால் அல்ல, எழுதி வைக்காததால்தான். யார் பெயரில் பதிவு, யார் எவ்வளவு போட்டார்கள், பிரிந்தால் எப்படிக் கணக்கு முடிப்பது என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் ஒரு நோட்டு தொங்கட்டும். யார் எடுத்தாலும் மணி மீட்டர் எண்ணைக் குறிக்க வேண்டும். உரிமையாளரே எடுத்தாலும் மணிக்கு இவ்வளவு என்று பொதுக் கணக்கில் போட வேண்டும். டயரும் பேட்டரியும் அந்தப் பணத்தில்தான் வரவேண்டும். மழை பெய்தால் முதல் நாள் யாருக்கு என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேர ஆள் இல்லையென்றால், உழவன் செயலி மூலம் வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பட்டம் தொடங்கும் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

உயிர் முக்கியம்!

அகலம் குறைந்த வண்டி, குறுகிய வரிசைக்கு வசதி. அதே காரணத்தால் சரிவிலும் வரப்பிலும் எளிதில் கவிழும். வரப்பைக் குறுக்காக ஏறாமல், வெட்டிச் சரிவாக்கி நேராக ஏற்றி இறக்குங்கள். டிரெய்லரோ, மரக்கட்டையோ எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேல் இணைப்பில் கயிறு கட்டி இழுத்தால், முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மேல்மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். வேட்டி நுனியோ, சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ சிக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் ஆளை இழுத்துவிடும். ரோட்டவேட்டரில் வாழைநாரோ, கயிறோ சுற்றிக்கொண்டால், இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். குழந்தைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டுவது பாசம் அல்ல, ஆபத்து. கவிழ்ந்தால் காக்கும் கம்பிச் சட்டமும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டியாக இருந்தால், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: டெல்டாவில் மூன்று ஏக்கர் நெல் மட்டும் போடுகிறேன். சேறடிக்க மினி டிராக்டர் போதுமா?

பதில்: சேறு ஆழமில்லாத வயலில், நான்கு சக்கர இழுவையும் இரும்புச் சக்கரமும் இருந்தால் சேறடிக்கும். ஆழச் சேறுள்ள களிமண்ணில் சின்னச் சக்கரம் புதைந்து, வண்டியின் வயிறு தட்டி நின்றுவிடும். மூன்று ஏக்கர் நெல்லுக்கு மட்டும் என்றால், வருஷத்தில் சில நாள் வேலைதான். உங்களுக்கு வாடகை வண்டியே லாபம்.

கேள்வி: எட்டு வருஷம் ஓடிய மினி டிராக்டர் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால், இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். பெரிய செலவு இருக்கிறது. கருவியைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சட்டென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கோளாறு. ஒவ்வொரு கியரிலும், பி.டி.ஓ. போட்டும் ஓட்டிப் பாருங்கள். பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான சான்று பெற்று, அந்தப் பெயரை நீக்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். டயர் தேய்ந்திருந்தால் புது டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: கணவர் வெளியூர் வேலையில் இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் காய்கறித் தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். எனக்கு மினி டிராக்டர் சரிவருமா?

பதில்: ஓட்டுவதில் தடையில்லை, ஓட்டிப் பழகி உரிமம் எடுத்துக்கொள்ளலாம். மகளிருக்கான 50 சதவிகித மானியப் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால், ஒன்றரை ஏக்கருக்கு டிராக்டர் கடன் பெரிய சுமை. களைக்கும் மண் அணைக்கவும் லேசான பவர் வீடர் ஒன்றை உங்கள் கையாலேயே இயக்கிப் பார்த்து வாங்குங்கள். உழவுக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்கும்போது நீங்களும் ஒரு பங்காளியாகச் சேரலாம்.

வாங்கலாமா, வேண்டாமா என்று இன்னும் மனம் ஊசலாடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. இந்த மாதத்திலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். வாடகை வண்டி வந்த நாள், வேலை, மணி நேரம், கொடுத்த பணம், வண்டி வராததால் தள்ளிப்போன வேலை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். கணக்கு 'வாங்கு' என்று சொன்னால் தைரியமாக வாங்குங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால், அந்தப் பணத்தில் சொட்டுநீர் போடுவதா, கிணற்றைத் தூர் எடுப்பதா, ஒரு கறவைமாடு வாங்குவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசலாம்.